கழித்த மீன்கள்

கோவிந்தராசுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேலையும் செய்ய வராது. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கடைசியில் அவரைக் கவிழ்த்ததும் அதுதான்.

ஐம்பத்து நான்கு வயது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினேழு வருஷம் அலங்கார மீன் கடை வைத்திருந்தவர். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று சொன்னபோது கடையை மூடிவிட்டு ஒரு வருஷம் பார்சல் வேன் ஓட்டினார். வேனுக்குள் மீன் இல்லை என்பதைத் தவிர அந்த வேலையில் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு குறையை நாளைக்கு நாலு தடவை சொன்னார். காது புளித்துப்போன மகள்தான் பல்கலைக்கழகத்து மீன் அறைக்கு ஆள் தேடும் விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

நேர்காணலில் பேராசிரியர் ஒரு தொட்டியைக் காட்டி, இதில் எத்தனை மீனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கோவிந்தராசு குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு. நாலாவதுக்கு நாளைக்குத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில். மறுநாள் நாலாவது மீன் மிதந்தது. அன்று மாலையே வேலைக்கான கடிதம் வந்துவிட்டது.

அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த மீன் அறை. எட்டுத் தொட்டிகள், எட்டிலும் கப்பி மீன். கடையில் விற்கிற ஜோடனைக் கப்பி அல்ல, தோ பாயோ பக்கம் போகும் ஒரு மழைநீர்க் கால்வாயில் பிடித்தவை. வீடு மாறிப் போகிறவர்களும் வளர்த்துச் சலித்தவர்களும் கால்வாயில் கொட்டிவிட்டுப் போன மீன்களின் வாரிசுகள். அதனால் நீள வால்காரனும் உண்டு, குட்டை வால்காரனும் உண்டு. கோவிந்தராசு சின்ன வயதில் பிளாஸ்டிக் பையோடு லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயில் இறங்கி இதே மீனைப் பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார். இப்போது அதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வார்.

இந்தக் கால்வாய் மீனை நம்பித்தான் டாக்டர் பவித்ராவின் பிழைப்பு இருந்தது. நாமக்கல் பெண், முப்பத்தோரு வயது, நான்கு வருஷ ஒப்பந்தத்தில் ஆராய்ச்சிக்கு வந்தவள். முதல் வருஷம் முழுக்க மீனுக்குச் சாயப் புள்ளி வைத்துக் கால்வாயில் விட்டு, எது பிழைக்கிறது எது காணாமல் போகிறது என்று எண்ணினாள். நீள வால் அதிகம் சாகிறதா, குட்டை வாலா? இரண்டும் ஒன்றுபோல. நடுநீரில் திரிகிறது சாகிறதா, சுவரோரம் கிடக்கிறதா? அதுவும் ஒன்றுபோல. அவளுக்கு முன்னால் இருந்தவர் இந்த இடத்தில்தான் கையை விரித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

பவித்ரா வாலையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நீள வாலை வைத்துக்கொண்டு நடுநீரில் திரிகிற மீனை அடுத்த பெருமழை வாரிக்கொண்டு போகிறது. சுவரோரம் கொக்கு நிற்கும். அது கொத்தும்போது நீள வால் மீனுக்கு வால் கிழிகிறது, உயிர் தப்புகிறது. குட்டை வால் மீனுக்கு உடம்பே அலகில் மாட்டுகிறது. ஆக, நீள வாலா, சுவரோரம் கிட. குட்டை வாலா, நடுவில் ஓடு. இந்த இரண்டு சேர்மானமும் பிழைக்கும், மாறிச் சேர்ந்தால் போச்சு. வால் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது.

பிறகு மீனின் மரபணுக்களைப் படித்தாள். வால் நீளத்தைத் தீர்மானிக்கிற மரபணு ஒரு குரோமோசோமில் இருந்தது. சுவரோரமா நடுநீரா என்பதில் பெரும் பங்கு உள்ள மரபணு வேறொன்றில் இருந்தது. அப்படித் தனித்தனியாக இருக்கிறவை தலைமுறைக்குத் தலைமுறை சீட்டு மாதிரிக் கலைய வேண்டும். கால்வாய் மீனில் அவை கைகோத்துக்கொண்டே வந்தன. "பிறப்பு கலைச்சுப் போடுது அண்ணா, கொக்கும் மழையும் திரும்ப அடுக்கி வைக்குது" என்று கோவிந்தராசுவிடம் ஒருமுறை சொன்னாள். ரொம்ப காலம் இப்படியே போனால் அந்த மரபணுக்கள் இடம் பெயர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒரே கட்டாகக்கூட ஆகிவிடலாம், ஒரு உயிரின் மரபணுத் தொகுதியே இப்படிச் சேர்மானம் பார்த்துப் பார்த்து உருவானதுதான் என்றாள். கோவிந்தராசுவுக்கு முக்கால்வாசி புரிந்தது. மிச்சக் கால்வாசிக்குத் தலையாட்டினார்.

இதை நிரூபிக்கத்தான் எட்டுத் தொட்டிகள். இங்கே கொக்கு இல்லை, வெள்ளம் இல்லை. அடுக்கி வைக்க ஆளில்லாவிட்டால் அந்த இரண்டு மரபணுவும் தலைமுறைக்குத் தலைமுறை கை நழுவி, ஆறாவது தலைமுறைக்குள் அநேகமாக முழுசாகக் கலைந்துவிட வேண்டும். கலைந்தால், கால்வாயில் அவற்றைச் சேர்த்து வைத்தது கொக்கும் மழையும்தான் என்று ஆகும்.

ஆனால் கப்பி சும்மா இருக்குமா? விட்டால் தொட்டியில் தண்ணீரைவிட மீன் அதிகமாகிவிடும். அதனால் நாலு மாதத்துக்கு ஒருமுறை, குஞ்சுகள் வளர்ந்ததும், தொட்டிக்கு அறுபது மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்க வேண்டும். கழித்ததைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டால் வலியில்லாமல் அடங்கிப்போகும். எத்தனை என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

"அண்ணா, பார்த்து எடுக்காதீங்க, அது ரொம்ப முக்கியம். கண்ணை மூடிட்டு வலையை விடுங்க. வந்தது வரட்டும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் பவித்ரா.

"ஓகே டாக்டர். ஈசி லா" என்றார் கோவிந்தராசு.

இரண்டு வருஷத்தில் ஆறு தடவை கழித்தார். பதிவேடு மணிமணியாக இருந்தது. ஒரு தொட்டியில்கூட நோய் வரவில்லை, ஒரு மீனுக்கு வால் அழுகவில்லை. மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பேராசிரியர் விருந்தாளிகளை அழைத்து வந்து, எங்கள் மீன் அறையைப் பாருங்கள் என்பார். கோவிந்தராசு வலையைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிராம்பு எண்ணெய் பாட்டிலை அவர் திறக்கவே இல்லை. கழித்த மீனை ஆக்சிஜன் அடைத்த பையில் போட்டு, முதுகுப்பையில் வைத்து, எம்ஆர்டி ரயில் ஏறி ஈசூனில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பதினேழு வருஷம் மீனை உயிரோடு விற்றவரால் உயிரோடு இருக்கிற மீனைக் கொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் எட்டு தெர்மோகோல் பெட்டிகள் வரிசையாக நின்றன. கொசுப்புழு பார்க்க வந்த அதிகாரிகள் பெட்டி பெட்டியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அத்தனை கப்பி இருக்கிற தண்ணீரில் புழு எங்கிருந்து வரும்? நடைபாதைக்கு இடம் விட்டு வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பவித்ரா கணினியை இடுக்கிக்கொண்டு மீன் அறைக்கு வந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கலையல அண்ணா" என்றாள்.

"எது கலையல?"

"ரெண்டு ஜீனும். ஆறு தலைமுறைக்கு அப்புறமும் கையைப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. எட்டு டேங்க்லயும். இப்போதான் ரிசல்ட் வந்துச்சு."

கோவிந்தராசு துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்போ என்ன அர்த்தம்?"

"பேராசிரியர் சொல்றார், ரெண்டும் ஒண்ணையொண்ணு விட்டுப் பிரியவே முடியாததா இருக்கும்னு. வாலை நீட்டுற அதே ஜீனே மீனைச் சுவரோரம் தள்ளுதுன்னா, நான் பார்த்த ரெண்டாவது ஜீனே பொய். ஒட்டிப் பிறந்ததைச் சேர்த்து வைக்கக் கொக்கு எதுக்கு, மழை எதுக்கு?" அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "புதன்கிழமை மீட்டிங். டிசம்பரோட என் கான்ட்ராக்ட் முடியுது. இதை வெச்சுக்கிட்டு யாரும் நீட்டிக்க மாட்டாங்க. ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்றது? நாலு வருஷம் சிங்கப்பூர்ல சாக்கடையைப் பார்த்துட்டு வந்தேன்னா?"

கோவிந்தராசு, "டீ வாங்கிட்டு வரவா டாக்டர்?" என்று கேட்டார்.

"கொக்கும் மழையும் இல்லாத இடத்துல வேற யாராவது பொறுக்கியிருக்கணும். இங்க யாரு பொறுக்கப் போறா? அப்போ நான்தான் தப்பு" என்றாள் அவள் தனக்குத்தானே.

அப்போது மூன்றாம் தொட்டியில் ஒரு குஞ்சு, ஏழாம் தலைமுறை, தோகை மாதிரி வாலை இழுத்துக்கொண்டு நடுநீரில் போனது. கோவிந்தராசு அதைப் பார்த்தார். இவன் வாலைப் பக்கத்து மீன் கடித்துவிடும், கடித்தால் அழுகும், அழுகினால் தொட்டியே போகும் என்று மனசுக்குள் ஓடியது. ஓடி முடிப்பதற்குள் அவருடைய வலது கை ஆணியில் மாட்டியிருந்த வலையை எடுத்துவிட்டது. கையில் இருந்த வலையை அவர் பார்த்தார்.

கடைக்காரன் பழக்கம் அது. மீன் கடையில் நிற்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். நீள வால் மீன் மூலையில் அடங்கிக் கிடந்தால் அது லட்சணம், வாலைப் பத்திரமாக வைத்திருக்கும். நடுவில் அலைந்தால் அதன் வால் நாலு நாள் தாங்காது, எடுத்துவிட வேண்டும். குட்டை வால் மீன் நடுவில் துள்ளிக்கொண்டிருந்தால் அது லட்சணம். மூலையில் ஒடுங்கினால் அதற்கு என்னவோ வந்துவிட்டது, மற்றதுக்கு ஒட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பதினேழு வருஷம் காலையில் கடை திறந்ததும் அவர் செய்த முதல் வேலை அது. கழிக்கச் சொன்னபோது அவர் கண்ணைத் தொட்டியிலிருந்து திருப்பிக்கொண்டுதான் வலையை விட்டார். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வலையை விடுவதற்கு முன்னால் எங்கே விடுவது என்று ஒரு பார்வை பார்த்தாரே, அந்த ஒரு பார்வை போதாதா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். நோயே வராத மீன் அறை என்று பேராசிரியர் பெருமைப்பட்டாரே, அந்தப் பெருமை முழுக்க அவருடைய குற்றத்துக்குச் சாட்சி.

கால்வாயில் கொக்கும் வெள்ளமும் செய்த வேலையை, கீழ்த்தளத்தில் குளிர்சாதனக் காற்றில் கோவிந்தராசு செய்திருந்தார். அவற்றைவிடச் சுத்தமாகவே செய்திருந்தார்.

பவித்ரா எழுந்து போனதை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மனைவி விசாலாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாலிகிளினிக் கவுன்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்பாள்.

"மீனை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. சைன் பண்ணியிருக்கேன்."

"தெரிஞ்சா வேலை போயிடுமா?"

"போயிடும்."

"சொல்லலேன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

"ஆமா."

விசாலாட்சி வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். "சொன்னா நீங்க வீட்ல உக்காந்து என் உயிரை வாங்குவீங்க. சொல்லலேன்னா தூங்காம என் உயிரை வாங்குவீங்க. எதுவா இருந்தாலும் சீக்கிரம் பண்ணுங்க" என்றாள்.

கோவிந்தராசு தாழ்வாரத்தில் போய் நின்றார். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பதிவேடு சுத்தம். பெட்டியில் இருக்கிற மீனை அடுத்த தெருக் கால்வாயில் கவிழ்த்தால் பத்து நிமிஷ வேலை. திரும்பவும் வேன் ஓட்ட வேண்டாம். இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் அதைத்தான் யோசித்தார். பிறகு மீனுக்குத் தீனி போடும் நேரம் வந்தது, போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பவித்ரா வழக்கமாக டேக்கா சந்தைக்கு வருவாள். ரோவல் சாலையில் ஒரு அறையில் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். காய்கறி வாங்கிவிட்டு உணவுக்கடைப் பக்கம் ஒரு தோசை சாப்பிடுவாள். கோவிந்தராசு அங்கே ஒரு மேசையைப் பிடித்து, இரண்டு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளைக் கண்டதும் கையை ஆட்டினார். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு அவள் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க எங்க இங்க?"

"உங்களைப் பார்க்கத்தான் டாக்டர். மீனை நான் பொறுக்கிட்டேன்."

வரும் வழியில் வேறு எப்படியெல்லாமோ தொடங்கப் பார்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது இதுதான். அதற்குப் பிறகு தடையில்லாமல் வந்தது. பார்வை, மூலையில் ஒடுங்கும் குட்டை வால், நடுவில் அலையும் நீள வால், திறக்காத பாட்டில், முதுகுப்பை, எல்லாம் சொன்னார்.

பவித்ரா தேநீரைத் தொடவில்லை. முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"ஒரே ஒரு விஷயம் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு. பார்க்காதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷம் அண்ணா. என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போகல, டேங்க் சாம்பிள் எடுக்கணும்னு. நீங்க அங்க நின்னு அழகு பார்த்துட்டு இருந்தீங்களா?"

பக்கத்து மேசையில் மீன் தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். அவளைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர், சந்தை நடுவில், வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

பவித்ரா முருங்கைக்காயைப் பைக்குள் அழுத்தினாள், அது மறுபடியும் வெளியே வந்தது. பிறகு அவள் கை நின்றது.

"கழிச்ச மீனு இப்போ எங்க இருக்கு?"

"வீட்ல. ஈசூன்ல."

"எல்லாமா?"

"கொஞ்சம் செத்துப்போச்சு, வயசாகி. குட்டி போட்டிருக்கு."

"கலந்து வெச்சிருக்கீங்களா?"

கோவிந்தராசுவுக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. "என்னம்மா பேசுறீங்க? மூணாம் நம்பர் டேங்க் மீனை நாலாம் நம்பரோட யாராச்சும் போடுவாங்களா? ரகம் கெட்டுப்போகாதா? எட்டு டேங்க், எட்டு பாக்ஸ். மார்க்கர்ல நம்பர் எழுதியிருக்கேன்."

பவித்ரா எழுந்தாள். "வாங்க போலாம்" என்றாள்.

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, டோபி காட் நிலையத்தில் மாறி, ஈசூன் போனார்கள். அவள் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோவிந்தராசு பக்கத்தில் உட்காரவும் துணியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீஷானில் இடம் காலியாகியும் உட்காரவில்லை.

ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் எட்டுப் பெட்டிகளும் இருந்தன. பவித்ரா முதல் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். மதிய வெளிச்சம் தண்ணீருக்குள் நேராக விழுந்திருந்தது. நீள வால் மீன்கள் நடுநீரில் வாலை விரித்துக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. குட்டை வால் மீன்கள் தெர்மோகோல் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. கால்வாயில் அவள் ஒரு வருஷம் எண்ணியபோது இந்த மாதிரி மீன் பத்து நாள் தாண்டி அவள் கண்ணில் பட்டதே இல்லை. இங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன, கொழுத்து, குட்டி போட்டு, சௌக்கியமாக.

இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று முழங்காலாலேயே நகர்ந்து எட்டையும் பார்த்தாள். விசாலாட்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"அண்ணா" என்றாள் பவித்ரா, எழுந்திருக்காமலே. "ஒரே ஜீன்தான் ரெண்டையும் பண்ணுதுன்னா இந்த மீனெல்லாம் பொறந்திருக்கவே முடியாது. நீள வால்னா சுவரோரம், அவ்வளவுதான்னு இருந்திருக்கணும். இதெல்லாம் நடுவுல சுத்துது. பொறக்குது, நல்லாவும் இருக்குது. யாரும் எடுக்கலேன்னா உயிரோட இருக்குது." அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். "பிரியுது அண்ணா. ரெண்டும் பிரியுது. பிரிஞ்சதை எல்லாம் நீங்க வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க."

"அப்போ உங்க கொக்கு நிஜம்தானா?"

"கொக்கு நிஜம்தான். நீங்களும் நிஜம்தான்." இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "ஆனா இந்த மீனு எங்கிருந்து வந்துச்சுன்னு நான் எழுதித்தான் ஆகணும். மறைச்சு எழுத முடியாது. கமிட்டிக்குப் போகும்."

"தெரியும்மா" என்றார் கோவிந்தராசு. "எழுதுங்க."

அவர் தைரியமாகச் சொன்னதாக விசாலாட்சி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமையே வேன் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனது. மீன்களைத் தனியறையில் வைத்து மரபணு பார்த்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. பவித்ரா சொன்னபடிதான் இருந்தது. பெட்டி மீன்களில் அந்த இரண்டு மரபணுவும் தலைகீழாகச் சேர்ந்திருந்தன. தொட்டி மீனையும் பெட்டி மீனையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், இரண்டு மரபணுவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கலைத்துப் போட்ட சீட்டுதான். ஒரே மரபணு என்ற பேச்சைப் பேராசிரியர் அன்றோடு விட்டுவிட்டார். பவித்ராவுக்கு ஒப்பந்தம் ஒரு வருஷம் நீண்டது. கட்டுரையில் கொக்குக்கும் வெள்ளத்துக்கும் கீழே, அனுபவமுள்ள மீன் காப்பாளர் ஒருவரின் பார்வை என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருந்தாள். பெயர் போடவில்லை. போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் தாயே என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு கோவிந்தராசுவைக் கூப்பிட்டு விசாரித்தது. உயிரினங்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனது, பதிவேட்டில் பொய் எழுதியது, இரண்டுக்கும் அவர் ஆமாம் என்றார். தானாக வந்து சொன்னதால் டிசம்பர் கடைசி வரை இருக்கலாம், அதற்கு மேல் இல்லை என்று முடிவானது. பேராசிரியர் கை குலுக்கினார். அதற்குப் பிறகு விருந்தாளிகளை அந்தப் பக்கம் அழைத்து வரவில்லை.

ஏழாம் தலைமுறையைக் கழிக்கும் நாள் அவருடைய கடைசி வாரத்தில் வந்தது.

இந்தமுறை பார்க்கவும் வேண்டாம், பார்க்காமல் இருக்கவும் வேண்டாம் என்று பவித்ரா வழியையே மாற்றிவிட்டாள். ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கோப்பையில் விட்டு, கோப்பைக்கு எண் போட்டு மேசையில் அடுக்கினார்கள். எந்த எண் இருக்க வேண்டும், எந்த எண் போக வேண்டும் என்று கணினி குலுக்கிப் போட்டது. கழிக்க வேண்டிய எண்ணைப் பவித்ரா வாசிக்க, கோவிந்தராசு கோப்பையை எடுத்து ஒதுக்கினார். நோஞ்சான் தப்பியது, நல்லது போனது. போக வேண்டியதும் போனது. அவருக்குக் கை கூசியது. ஆனாலும் எண்ணைத்தான் பார்த்தார்.

ஆறாம் தொட்டியில் நாற்பத்தொன்று. அந்த மீனை அது பிறந்த நாளிலிருந்து அவர் கவனித்து வந்திருந்தார். ஆண். கரும்பச்சை உடம்பு, ஓரத்தில் ஆரஞ்சு கோடு, உடம்பைவிட நீண்ட வால். நடுநீரில்தான் திரிந்தது, ஒருத்தனிடம் ஒரு கடி வாங்கவில்லை, வாலில் ஒரு கீறல் இல்லை. அவருடைய கணக்குப்படி அது நாலு நாள்கூடத் தாங்கியிருக்கக் கூடாது. நாலு மாதம் தாங்கியிருந்தது. பதினேழு வருஷக் கடையில் இப்படி ஒன்று வந்ததில்லை. வந்திருக்கும், அவர்தான் முதல் வாரத்திலேயே எடுத்துப் போட்டிருப்பார்.

"நாற்பத்தொண்ணு" என்று வாசித்த பவித்ரா நிறுத்தினாள். அவளுக்கும் அந்த மீனைத் தெரியும். கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அண்ணா, இந்தத் தடவை மிச்ச வேலையை நான் பார்த்துக்கிறேன். நீங்க டீ குடிச்சுட்டு வாங்க."

"வேணாம்மா. இது என் வேலை" என்றார் கோவிந்தராசு.

கிராம்பு எண்ணெய் பாட்டிலின் மூடியை முதல்முறையாகத் திருகினார். பல்வலிக்கு வைக்கிற மருந்து வாசனை அறை முழுக்க வந்தது. அளந்து ஊற்றினார், கலக்கினார். ஒதுக்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரோடு மெதுவாகச் சாய்த்தார். நாற்பத்தொன்றைக் கடைசிக்கு ஒதுக்கவில்லை, அதன் முறை வந்தபோது அதையும் சாய்த்தார். அது நடுநீருக்குப் போய் வாலை முழுசாக விரித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பக்கவாட்டில் சாய்ந்தது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார். கண்ணை மட்டும் மூடவில்லை.

எட்டுத் தொட்டியும் முடிந்ததும் வலையைக் கழுவி ஆணியில் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்து, தேதி போட்டு, கொன்றவை என்ற கட்டத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் இரண்டு வருஷத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அது.